தையல் மெஷின் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

தையல் சரியாக விழவில்லை என்றதும் எல்லாருடைய கையும் முதலில் போவது நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் திருகுக்குத்தான். உண்மையில் அது கடைசியாகத் தொட வேண்டிய இடம். நேற்று வரை ஒழுங்காகத் தைத்த மெஷினில் டென்ஷன் தானாக மாறுவது அபூர்வம். நூல் கோத்த விதம், ஊசி, உள்ளே சேர்ந்த பஞ்சு, எண்ணெய் என்ற இந்த வரிசையில் பாருங்கள். பெரும்பாலான கோளாறு முதல் இரண்டிலேயே பிடிபட்டுவிடும். திருகை முதலில் திருகிவிட்டால் பழைய கோளாறும் போகாது, புதிதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

கீழே சொல்வதெல்லாம் நம் வீடுகளில் அதிகம் இருக்கும் கறுப்பு நிற, நேர்த்தையல் மட்டும் போடும் இரும்பு மெஷினை வைத்துச் சொல்வது. காலால் மிதிப்பதாக இருந்தாலும் மோட்டார் பொருத்தியதாக இருந்தாலும் தலைப்பகுதி ஒன்றுதான். ஜிக்ஜாக் போடும் வெள்ளை பிளாஸ்டிக் மெஷினுக்கு எங்கே வித்தியாசமோ அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறது.

கை வைப்பதற்கு முன்

மோட்டார் மெஷினில் நூல் கோப்பது, ஊசி மாற்றுவது, பாபின் (கீழ் நூல் சுற்றிய சின்ன உருளை) எடுப்பது, எண்ணெய் விடுவது எதுவானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பெடல் மேல் தவறிக் கால் பட்டு, ஊசி விரலில் இறங்கும் விபத்து நூல் கோக்கும்போது நடக்கக்கூடும். மிதி மெஷின் என்றால் காலை மிதிப்பலகையை விட்டு முழுதாக எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முந்தானை, துப்பட்டா, அவிழ்த்துவிட்ட கூந்தல் மூன்றும் கைச்சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சிக்கக்கூடியவை. முந்தானையை இடுப்பில் செருகி, முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில், தைத்து முடித்ததும் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றி விடுவது நல்லது. மிதித்தாலும் ஊசி அசையாது.

துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேருகிறது

அதிகம் வருவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கொத்து கீழே தெரிவதால் பாபினில்தான் கோளாறு என்று நினைத்து, பாபினை வைக்கும் கூடான பாபின் கேஸின் திருகைத் திருகுவார்கள். அது தவறு. அடியில் லூப் விழுந்தால் குற்றம் மேல் நூலில். மேல் நூலை யாரும் இறுக்கிப் பிடிக்கவில்லை, அதனால் ஷட்டில் (பாபின் கேஸைச் சுற்றி இருக்கும் கொக்கி) இழுத்த நூல் திரும்ப மேலே ஏறாமல் அங்கேயே தங்கிவிடுகிறது.

மேல் நூலை முழுதாக உருவிவிட்டு மறுபடி கோத்துப் பாருங்கள். கோக்கும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் தூக்கியிருக்க வேண்டும். ஃபுட் கீழே இருந்தால் டென்ஷன் தட்டுகள் இரண்டும் ஒன்றோடொன்று அழுந்தி நிற்கும். நூல் இடையில் நுழையாமல் வெளியே சும்மா சுற்றிக்கொண்டு போகும். ஃபுட்டைத் தூக்கினால் தட்டுகள் விலகி நூலை உள்ளே வாங்கும். நூல்கண்டிலிருந்து மேல் வளையம், அங்கிருந்து இடப்பக்கம் உள்ள டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே, பிறகு பக்கத்தில் துள்ளும் சின்னக் கம்பி ஸ்பிரிங்கில் மாட்டி, மேலும் கீழும் ஏறி இறங்கும் லிவரின் துளை வழியாக, கீழே உள்ள வளையங்களில் இறங்கி, கடைசியாக ஊசி. லிவரில் நூல் இல்லை என்றால் இரண்டு தையலிலேயே கொத்துக் கட்டிவிடும்.

சரியாகக் கோத்தோமா என்று பார்க்க ஒரு வழி: ஃபுட் தூக்கியிருக்கும்போது ஊசிக்குப் பக்கத்தில் நூலை இழுங்கள், தாராளமாக வர வேண்டும். ஃபுட்டை இறக்கிவிட்டு இழுங்கள், இப்போது நூல் இறுகி ஊசி லேசாக வளைகிற அளவுக்கு எதிர்ப்பு தெரிய வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி வந்தால் நூல் தட்டுக்குள் போகவில்லை. அல்லது தட்டுகளுக்கு நடுவே பஞ்சோ அறுந்த நூல் துணுக்கோ மாட்டி, தட்டு மூடாமல் நிற்கிறது. ஒரு பழைய காட்டன் துணியின் ஓரத்தை மடித்து, ஃபுட் தூக்கிய நிலையில் தட்டுகளுக்கிடையே விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் வெளியே வந்துவிடும்.

தைக்க ஆரம்பிக்கும் இடத்தில் மட்டும் கொத்துச் சேர்ந்து, பிறகு சரியாகப் போகிறதா? அப்படியானால் மெஷினில் கோளாறே இல்லை. மேல் நூல், கீழ் நூல் இரண்டையும் 10 செ.மீ. அளவுக்கு ஃபுட்டுக்குப் பின்னால் இழுத்து வைத்து, முதல் மூன்று தையல் வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மிதி மெஷினில் இன்னொரு காரணமும் உண்டு: சக்கரம் ஒரு நொடி பின்பக்கமாகச் சுற்றிவிட்டு முன்னே வருவது. கைச்சக்கரத்தின் மேல்பகுதி எப்போதும் உங்களை நோக்கி வர வேண்டும். வலது கையால் சக்கரத்தை உங்கள் பக்கம் தள்ளிவிட்டு அப்புறம் மிதியுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் துணி வைக்காமல், நூல் கோக்காமல், ஃபுட்டைத் தூக்கி வைத்து இதை மட்டும் பழக வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் லேசாக லூப் தெரிந்தால்தான் மேல் டென்ஷன் திருகு. வலப்பக்கம் திருகினால் இறுகும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்று இரண்டு நிற நூல் போட்டு, தைக்கப்போகும் துணியின் துண்டையே இரட்டையாக மடித்துத் தைத்துப் பாருங்கள். மேலே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மேல் நூல் மிகவும் இறுக்கம். கீழே சிவப்பு தெரிந்தால் மேல் நூல் தளர்வு. இரண்டு நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொண்டால் இரண்டு பக்கமும் அந்தந்த நிறம் மட்டும் தெரியும்.

பாபின் கேஸை எப்போது சந்தேகிக்கலாம்

பாபின் நூலின் நுனியைப் பிடித்து, கேஸைத் தொங்கவிடுங்கள். தன் எடையில் அது இறங்கக் கூடாது. கையை லேசாக ஒரு வெட்டு வெட்டினால் இரண்டு மூன்று செ.மீ. இறங்கி நிற்க வேண்டும். சும்மா விட்டாலே சரசரவென்று இறங்கினால் தளர்வு, உதறினாலும் அசையாவிட்டால் இறுக்கம். திருகைத் தொடும் முன் கேஸின் மேல் இருக்கும் தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு மெல்லிய காகிதத்தின் மூலையை விட்டு இழுங்கள். அடியில் மாட்டிய பஞ்சு வந்துவிட்டால் பாதி நேரம் அதுவே தீர்வு. அப்புறமும் வேண்டுமென்றால் தகட்டின் நடுவில் இருக்கும் திருகை ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் திருகுங்கள். ஓரத்தில் இருக்கும் திருகு தகட்டைப் பிடித்து வைப்பது, அதைத் தொட வேண்டாம். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு செய்யுங்கள். அந்தத் திருகு கடுகளவுதான், விழுந்தால் கிடைக்காது.

பாபினைக் கேஸில் திருப்பிப் போட்டாலும் டென்ஷன் கெடும். நூலை வெட்டுவாயில் விட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் இழுக்கும்போது, நூல் வந்த திசைக்கு எதிராக மடங்கித் திரும்ப வேண்டும். நேராக வழுக்கிக்கொண்டு வந்தால் பாபினைப் புரட்டிப் போடுங்கள். கேஸை உள்ளே தள்ளும்போது அதன் நீட்டிய விரல், வளையத்தின் பள்ளத்தில் உட்கார்ந்து 'டிக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். சத்தம் கேட்காமல் தைத்தால் ஊசி கேஸின் மேல் இறங்கும்.

பாபினில் நூல் ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் பள்ளமாகச் சுற்றியிருந்தாலும் கீழ் நூல் விட்டுவிட்டு இறுகும். சுற்றும்போது நூல் அதற்குரிய சின்ன டென்ஷன் வழியாகப் போக வேண்டும். கையால் பிடித்துச் சுற்றக் கூடாது. விளிம்பு வரை நிரப்பாமல் ஓரம் கொஞ்சம் காலியாக விடுங்கள். பழைய நூல் இருக்கும் பாபின் மேலேயே புதிய நூலைச் சுற்றுவதும் வேண்டாம்.

மேல் நூல் அடிக்கடி அறுகிறது

அறுந்த நுனியைப் பாருங்கள். பிசிறு பிசிறாக, பஞ்சு பிரிந்த மாதிரி இருந்தால் எங்கோ உரசுகிறது: துருப்பிடித்த ஊசிக் கண், ஊசி குத்திக் கீறல் விழுந்த ஊசித் தட்டின் துளை, ஷட்டிலின் கொக்கி முனை. தட்டின் துளையை நகத்தால் தடவினால் கீறல் பிடிபடும். மிக நைசான உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்து, துகளைத் துடைத்துவிடுங்கள். வெட்டியது போல் சுத்தமாக அறுந்தால் டென்ஷன் அதிகம், அல்லது நூல்கண்டின் வெட்டில் மாட்டிக்கொள்கிறது.

நூலே மட்கியிருக்கலாம். ஜன்னலோரம் வெயிலில் பல வருஷம் இருந்த நூலை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தால் சுலபமாகப் பிட்டுக்கொண்டு வரும். அந்த நூலை எந்த டென்ஷனும் காப்பாற்றாது. கைத்தையலுக்கு விற்கும் தடித்த நூலையும் மெஷினில் போடாதீர்கள்.

தையல் விடுகிறது, தாண்டித் தாண்டி விழுகிறது

இங்கே ஊசியை மட்டும் பாருங்கள், பத்தில் ஒன்பது தடவை அதுதான். வீட்டு மெஷின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் இருக்கும். கீழே நீளவாக்கில் ஒரு நீண்ட பள்ளம் ஓடும். நூல் எந்தப் பக்கத்திலிருந்து கண்ணுக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம் நீண்ட பள்ளம் இருக்க வேண்டும். தட்டைப் பக்கம் கொக்கி வரும் பக்கம். இடப்பக்கமாகப் பாபின் கேஸ் போடும் நம் கறுப்பு மெஷின்களில் தட்டைப் பக்கம் வலப்புறம், நூல் இடமிருந்து வலம். முன்பக்கம் அல்லது மேலே பாபின் போடும் வெள்ளை மெஷின்களில் தட்டைப் பக்கம் பின்னால், நூல் முன்னிருந்து பின். ஊசியைத் திருகுக்கு அடியில் முட்டும் வரை மேலே தள்ளி இறுக்குங்கள். 1 மி.மீ. இறங்கி நின்றாலும் கொக்கிக்கு லூப் சிக்காது.

ஊசி வளைந்திருக்கிறதா என்று தெரிய, தட்டைப் பக்கத்தைக் கண்ணாடி மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள சந்து நுனி வரை ஒரே அளவாக இருந்தால் நேரான ஊசி. முனை மழுங்கியதைக் கண்ணால் பார்க்க முடியாது. துணியில் இறங்கும்போது 'டப் டப்' என்று குத்தும் சத்தமும், பட்டுத் துணியில் இழை இழுபடுவதும்தான் அடையாளம். சுமார் 8 மணி நேரம் தைத்த ஊசியை மாற்றிவிடலாம்.

அளவும் முக்கியம். மெல்லிய பட்டு, வாயில், ஜார்ஜெட்டுக்கு 11. சாதாரண காட்டன், ரவிக்கைத் துணி, பாப்ளினுக்கு 14. ஜீன்ஸ், பைத்துணி, திரைச்சீலைக்கு 16 அல்லது 18. எண் கூடக் கூட ஊசி தடிக்கும். லெகிங்ஸ், டி-ஷர்ட் போல இழுபடும் துணியில் சாதாரண ஊசி தையலை விட்டுக்கொண்டேதான் போகும். முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி போட்டால் நின்றுவிடும். ஒட்டும் கேன்வாஸ் வைத்த கழுத்துப்பட்டியைத் தைத்தால் பசை ஊசியில் படிந்து தையல் விடும். ஸ்பிரிட் தொட்ட துணியால் ஊசியைத் துடைத்துக்கொண்டே தையுங்கள்.

புது ஊசி சரியாகப் போட்டும் எல்லாத் துணியிலும் தையல் விழவே இல்லை என்றால் ஊசிக்கும் கொக்கிக்கும் உள்ள நேரம் தவறியிருக்கிறது. தடித்த இடத்தில் பலமாக முட்டிய பிறகு இப்படி ஆகும். ஊசித் தண்டைத் தளர்த்தி நீங்களே சரிசெய்ய முயல வேண்டாம், மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

ஊசி முறிகிறது

துணியைக் கையால் இழுப்பது முதல் காரணம். ஃபுட்டுக்கு அடியில் இருக்கும் பற்கள்தான் துணியை நகர்த்த வேண்டும், உங்கள் கை வழிகாட்ட மட்டும். பின்னாலிருந்து இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் இடித்து முறியும். ஃபுட் திருகு தளர்ந்து ஃபுட் சரிந்திருப்பது, குண்டூசி மேல் தைப்பது, ஊசி துணிக்குள் இருக்கும்போது ஃபுட்டைத் தூக்காமல் துணியைத் திருப்புவது ஆகியவை மற்றவை. வெள்ளை மெஷினில் நேர்த்தையல் ஃபுட்டை மாட்டிவிட்டு ஜிக்ஜாக் போட்டால் முதல் தையலிலேயே முறியும். ஊசி துணியில் இறங்கியிருக்கும்போது டிசைன் சக்கரத்தைத் திருப்பினாலும் அப்படித்தான்.

ஆரி வேலை செய்த ரவிக்கையில் தையல் ஓடும் கோட்டின் மேல் மணியோ கல்லோ இருந்தால், அதைத் தைப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மணியைத் துணியால் மூடிக்கொண்டு இடுக்கியால் நசுக்கினால் நூல் அறாமல் மணி மட்டும் உடைந்து வரும். துணியால் மூடாவிட்டால் சில்லு கண்ணுக்குப் பாயும். ஜீன்ஸ் மடிப்புகள் சேரும் இடத்தில் காலை எடுத்துவிட்டு, கைச்சக்கரத்தால் ஒவ்வொரு தையலாகத் தாண்டுங்கள்.

முறிந்த ஊசியின் எல்லாத் துண்டும் கைக்கு வரும் வரை மெஷினை ஓட்டாதீர்கள். பாதி ஷட்டிலுக்குள் விழுந்திருக்கும். காந்தம் வைத்துத் தேடலாம்.

ஊசி விரலில் ஏறிவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி ஊசியை மேலே எழுப்பி விரலை எடுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஊசி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். நுனி குறைந்திருந்தால் தோண்டிப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். முழுதாக இருந்தாலும், ஆழமாக ஏறியிருந்தால் காண்பித்து, டெட்டனஸ் தடுப்பூசி (டி.டி.) தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

துணி நகரவில்லை, அல்லது சுருங்குகிறது

ஒரே இடத்தில் தைத்துக்கொண்டிருந்தால் முதலில் தையல் நீளம் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணத் தையலுக்கு 2.5 மி.மீ., அதாவது அங்குலத்துக்குப் பத்து தையல் சரி. எம்பிராய்டரிக்காகப் பற்களை இறக்கிவிட்டு மறந்திருக்கலாம். பற்கள் மேலே வரும்போது தட்டுக்கு மேல் ஒரு பல் உயரம், சுமார் 1 மி.மீ., தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஊசித் தட்டைக் கழற்றுங்கள். பல் வரிசைகளுக்கு நடுவே பஞ்சு அழுந்தி, கம்பளி மாதிரி தகடாகவே உட்கார்ந்திருக்கும். குச்சியால் நெம்பி எடுங்கள். ஊதினால் இன்னும் உள்ளே போகும்.

மெல்லிய துணி சுருங்கினால் தடித்த ஊசி, இறுகிய மேல் டென்ஷன், கூடுதல் ஃபுட் அழுத்தம் ஆகிய மூன்றையும் குறையுங்கள். புடவையில் ஃபால்ஸ் தைத்து, துவைத்த பிறகு சுருங்கினால் மெஷினைக் குறை சொல்ல முடியாது. காட்டன் ஃபால்ஸைத் தைப்பதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டிருக்க வேண்டும்.

மெஷின் கனமாக ஓடுகிறது, இறுகி நின்றுவிட்டது

திடீரென்று நின்றால் ஷட்டிலில் நூல் மாட்டியிருக்கிறது. பலம் கொடுத்துச் சுற்றாதீர்கள். ஊசியை மேலே கொண்டுவந்து, பாபின் கேஸை எடுத்து, ஷட்டிலைப் பிடித்திருக்கும் வளையத்தின் இரண்டு கிளிப்பையும் திருப்பி, வளையத்தையும் ஷட்டிலையும் வெளியே எடுங்கள். எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டுவது சுலபம். ஓடுபாதையைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டுங்கள்.

நாளாக நாளாகக் கனத்தால் எண்ணெய் காய்ந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் விடும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. மெஷினைக் கெடுப்பதில் இதற்கு நிகர் இல்லை. சில மாதத்தில் அது பிசினாகி எல்லா இணைப்பையும் ஒட்டிவிடும். தையல் மெஷின் எண்ணெய் என்று கேட்டு, தண்ணீர் போலத் தெளிவாக இருப்பதை வாங்குங்கள். பிசின் பிடித்த மெஷினில் ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, துணியும் நூலும் இல்லாமல் கையால் சுற்றி, வழியும் அழுக்கைத் துடையுங்கள். மறுநாள் நல்ல எண்ணெய் விடுங்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், வழவழப்புத் தராது. மோட்டார் இருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, அடுப்பு விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும். மேலேயுள்ள துளைகள், இடப்பக்க மூடிக்குள் ஊசித் தண்டு, தலையைச் சாய்த்தால் தெரியும் அடிப்பக்க இணைப்புகள், ஷட்டில் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுதான். பெல்ட்டிலும் டென்ஷன் தட்டிலும் எண்ணெய் படக் கூடாது. வெள்ளை மெஷின் சிலவற்றில் எண்ணெயே விடக் கூடாது என்று கையேட்டில் இருக்கும், அதைப் பார்த்துச் செய்யுங்கள்.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை

பாபின் சுற்றத் தளர்த்திய, கைச்சக்கரத்தின் நடுக்குமிழை இறுக்க மறந்திருப்பீர்கள். இறுக்கியும் பிடிக்கவில்லை என்றால், அல்லது தளர்த்தியும் ஊசி நிற்கவில்லை என்றால், குமிழுக்குப் பின்னால் இருக்கும் வாஷர் தலைமாறி மாட்டியிருக்கிறது. குமிழின் சின்னத் திருகை எடுத்து, வாஷரை அரைச் சுற்று திருப்பி மாட்டினால் சரியாகிவிடும். மிதி மெஷினில் தோல் பெல்ட் நீண்டு வழுக்கினால் கிளிப்பை எடுத்து, 1 செ.மீ. வெட்டி, புதிதாகத் துளையிட்டு மாட்டுங்கள்.

மோட்டார் தொல்லைகள்

மெஷினைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடித்தால் அன்றைக்குத் தையல் முடிந்தது. பிளக்கைத் திருப்பிச் செருகினால் ஷாக் நிற்கும் என்பார்கள். கசிவு அப்படியே இருக்கும், கைக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். வயரும் மோட்டாரும் எலக்ட்ரீஷியன் கைக்குப் போகட்டும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழும் பாதுகாப்பு சுவிட்ச் இருப்பது நல்லது. ஈரக் காலோடு பெடலை மிதிக்காதீர்கள்.

காலை எடுத்த பிறகும் மெஷின் ஓடினால் பெடல் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். பெடலைத் திறக்காமல் மாற்றிவிடுவதே பாதுகாப்பு. மோட்டார் கை வைக்க முடியாதபடி சுட்டால் பெல்ட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். 1 செ.மீ. அளவுக்கு அமுங்க வேண்டும். விறைத்து நின்றால் மோட்டார் தாங்கியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றும்போதும் கனமாக இருந்தால் கோளாறு மோட்டாரில் இல்லை, எண்ணெயில். ஓடும்போது பெரிய தீப்பொறியும் கருகல் வாடையும் வந்து வேகம் ஏறி இறங்கினால் மோட்டாருக்குள் இருக்கும் இரண்டு கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கின்றன. இரண்டையும் ஜோடியாகவே மாற்றச் சொல்லுங்கள்.

தைத்து முடித்ததும் ஒரு துண்டுத் துணியை ஃபுட்டுக்கு அடியில் வைத்து, ஊசியை அதில் இறக்கி நிறுத்திவிட்டு மூடுங்கள். கசியும் எண்ணெயைத் துணி வாங்கிக்கொள்ளும், நாளைய ரவிக்கையில் கறை விழாது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து கைச்சக்கரத்தை நாலு சுற்று சுற்றிவிடுங்கள்.